பாறைநிலத்தில் ஒரு வான்கம்பி: பயில்முறை வானொலியின் அளவீட்டு மரபும் தருமபுரி நிலமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்து வானொலி வரலாறு பெரும்பாலும் ஒலிபரப்பின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. யார் பேசினார், எந்நாளில் பேசினார் என்பன பதிவாகியுள்ள அளவிற்கு, அவ்வொலியை வெளியில் செலுத்திய வான்கம்பி எவ்வாறு அளக்கப்பட்டது, எவ்வாறு கணிக்கப்பட்டது என்பது பதிவாகவில்லை. பயில்முறை வானொலியில் வான்கம்பியையும் அதனைப் பொருத்தும் உறுப்புகளையும் அளக்கும் மரபு, பொருள் தட்டுப்பாட்டாலும் உரிம விதிகளாலும் இந்தியாவில் எவ்வாறு உருப்பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அம்மரபில் நிலமும் ஓர் உறுப்பாக அமைவதைத் தருமபுரி மாவட்டத்தின் பாறைநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு கணக்கிட்டுக் காட்டுகிறது. இதன் வழியாக, பயில்முறை வானொலியாளரின் அளவேடுகள் தொழில்நுட்ப வரலாற்றின் முதன்மைச் சான்றுகள் என்பது நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பயில்முறை வானொலி, வான்கம்பி, மின்னெதிர்ப்பு, நிலையலை விகிதம், தருமபுரி, தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

ஊதியமோ வணிக நோக்கமோ இன்றி, அரசின் உரிமம் பெற்று, வானொலி அலைகள் வழியே செய்தி பரிமாறியும் ஆய்வு செய்தும் வருவோரைப் பயில்முறை வானொலியாளர் என்கிறோம். வழக்கில் அவர்கள் ‘ஹாம்’ எனப்படுகின்றனர். அவர்களது நிலையத்தில் மூன்று பகுதிகள் உண்டு: அலைபரப்பி, அலைவாங்கி, வான்கம்பி. முதலிரண்டையும் கடையில் வாங்கலாம், அயல்நாட்டிலிருந்து தருவிக்கலாம். வான்கம்பியை அவ்வாறு முழுமையாகத் தருவிக்க இயலாது. அது கட்டப்படும் உயரம், அருகிலுள்ள மரம், கூரை, கீழேயுள்ள மண், மண்ணின் ஈரம் ஆகிய அனைத்தும் அதன் இயல்பை மாற்றுகின்றன. ஆகவே, ஒவ்வொரு வான்கம்பியும் அந்தந்த இடத்திலேயே அளக்கப்பட வேண்டும்.

இக்கூறு தொழில்நுட்ப வரலாற்றாய்வாளருக்கு முக்கியமானது. மேலைநாட்டில் உருவான தொழில்நுட்பம் தமிழகத்திற்கு ‘வந்து சேர்ந்தது’ என்னும் நோக்கில் எழுதப்படும் வரலாறு, வந்த பொருளை இங்குள்ளோர் இவ்விடத்திற்கு ஏற்ப எவ்வாறு அளந்து அமைத்தனர் என்பதை விட்டுவிடுகிறது. இவ்விடுபாட்டை நிரப்பும் முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது.

தொடக்க கால அமைப்பு: சென்னை, 1924

தமிழகத்தில் அமைப்பு வழிப்பட்ட வானொலி முயற்சி, சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே 16 அன்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகத்தில் தோற்றம் கொள்கிறது. அக்கழகம் அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பில் ஈடுபட்டது. தொடக்கத்தில் அதன் அலைபரப்பி 40 வாட் திறன் மட்டுமே உடையது. நிதி நெருக்கடியால் 1927 இல் கழகம் தன் பணியை நிறுத்தியது. அதன் அலைபரப்பி சென்னை மாநகராட்சிக்கு வழங்கப்பட்டது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938 இல் அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் அமைந்ததும் அம்முயற்சி நிறைவுற்றது.

இந்த வரிசை வானொலி வரலாற்று நூல்களில் பலமுறை கூறப்பட்டதே. இதில் ஒரு செய்தி நோக்கத்தக்கது. 40 வாட் திறன் என்பது பழைய இழை மின்விளக்கொன்றின் அளவே. அத்திறனைக் கொண்டு நகரைக் கடந்து ஒலியைச் சேர்ப்பதில் வான்கம்பியின் பங்கு மிகுதி. திறனைப் பத்து மடங்கு கூட்டப் பணம் வேண்டும். வான்கம்பியைத் திருத்தக் கம்பியும் கணக்கும் பொறுமையும் போதும். பணமற்ற கழகங்களும் தனியாட்களும் ஏன் வான்கம்பியில் கருத்தைச் செலுத்தினர் என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம்.

அக்கால அளவீடு எளியது. வான்கம்பியில் பாயும் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை வெப்பக்கம்பி அம்மீட்டரால் அளந்தனர். கம்பியின் முனையருகே நியான் குமிழைக் கொண்டுசென்று அது ஒளிரும் அளவைக் கண்டு மின்னழுத்தத்தை மதிப்பிட்டனர். மின்தூண்டியும் மின்தேக்கியும் கொண்ட எளிய அலைமானியால் அதிர்வெண்ணை அறிந்தனர். இவை ‘எவ்வளவு’ என்பதற்குத் தோராயமான விடை தந்தன; ‘ஏன்’ என்பதற்கு விடை தரவில்லை.

உரிமமும் தடையும்

1885 ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டமும் 1933 ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் வானொலிக் கருவியை வைத்திருப்பதையே உரிமத்திற்கு உட்படுத்தின. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939 இல் பயில்முறை உரிமங்கள் நீக்கப்பட்டன. உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் நடத்திய காங்கிரஸ் வானொலி 1942 ஆகஸ்டு 27 அன்று ஒலித்தது, இத்தடைக்கு இடையிலேதான். அது தன்னை 42.34 மீட்டர் அலைநீளத்தில் அறிவித்துக்கொண்டது. கணக்கிட்டால் இது ஏறத்தாழ 7.09 மெகாஹெர்ட்ஸ், பயில்முறை வானொலியாளருக்கு நன்கு அறிமுகமான ‘நாற்பது மீட்டர்’ பட்டைக்குள் விழும் அதிர்வெண் அது. இக்கட்டுரையின் பிற்பகுதிக் கணக்கீடுகளும் இப்பட்டையையே அடிப்படையாகக் கொள்கின்றன.

விடுதலைக்குப் பின் 1948 மே 15 அன்று மஹூவிலுள்ள இராணுவத் தகவல்தொடர்புப் பள்ளியில் இந்தியப் பயில்முறை வானொலிக் கழகம் தோன்றியது. 1954 இல் அது இந்தியப் பயில்முறை வானொலிச் சங்கம் எனப் பெயர் பெற்றது. 1978 இல் வகுக்கப்பட்ட பயில்முறைப் பணி விதிகள், ஒவ்வொரு நிலையமும் பதிவேடு பேண வேண்டும் என வற்புறுத்தின. நாள், நேரம், அதிர்வெண், தொடர்பு கொண்ட நிலையத்தின் அழைப்புக்குறி ஆகியன அதில் இடம்பெற்றன. அரசு கேட்டது ‘யாருடன் பேசினாய்’ என்பதையே. வான்கம்பியின் நீளம், மின்னெதிர்ப்பு, பொருத்தும் சுற்றின் மதிப்பு ஆகியவற்றை எழுதுவது பயில்முறையாளரின் விருப்பத்திற்கு விடப்பட்டது. எனவே அளவீட்டுக் குறிப்புகள் பதிவேட்டின் ஓரங்களிலும், பள்ளிக் குறிப்பேடுகளிலும், உறைகளின் பின்புறத்திலும் எழுதப்படும் தன்மையின. சட்டம் கோரிய ஆவணமும் அறிவு சுமந்த ஆவணமும் வேறுவேறாயின.

தட்டுப்பாட்டுக் காலத்து உறுப்புகள்

இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய பல பத்தாண்டுகளில் ஆயத்தக் கருவிகளைப் பெறுவது அரிதாயிற்று. போருக்குப் பின் ஏலத்தில் வந்த இராணுவக் கருவிகளும் பழைய வால்வு வானொலிப் பெட்டிகளும் உறுப்புகளின் சுரங்கமாயின. 1980களில் தீர்வை தளர்ந்த பின்னரும் சிறு உறுப்புகளைத் தேடி ஓட வேண்டியிருந்தது. சென்னையின் ரிச்சி தெருவும் பெங்களூரின் எஸ்.பி. சாலையும் அத்தேடலின் இரு முனைகள். தருமபுரியிலிருந்து பெங்களூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மாநில எல்லைக்கு அப்பால் உள்ள அங்காடியே இம்மாவட்டத்தாருக்கு அண்மையது.

தட்டுப்பாடு எவ்வாறு வடிவமைப்பாக மாறியது என்பதற்கு ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2000களின் தொடக்கத்தில் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’ அலைபரப்பி-வாங்கி சிறந்த சான்று. உலகெங்கும் பயில்முறையாளர் இரும்புத்தூள் வளைய உள்ளகங்களின் மீது சுருள் சுற்றுவர். அவை இந்தியச் சிற்றூர்களில் கிட்டாதவை. ஃபர்ஹான் அவற்றிற்கு மாற்றாகத் தண்ணீர்க் குழாயில் இடும் வாஷர்களின் மீது சுருளைச் சுற்றினார். வாஷருக்குக் காந்தப்பண்பு இல்லை. அது சுருளுக்கு வடிவம் மட்டுமே தரும். ஆகவே அதே மின்தூண்டல் பெற மிகுதியான சுற்றுகள் வேண்டும். இருப்பினும் எந்த ஊர் வன்பொருள் கடையிலும் அது கிடைக்கும். அவரே பின்னர் ‘ஆண்டுயினோ’ என்னும் எளிய வான்கம்பிப் பகுப்பானையும் வடிவமைத்தார். உறுப்பைச் செய்தவரே அளவுகோலையும் செய்ய நேர்ந்தது என்பது இம்மரபின் இயல்பைக் காட்டுகிறது.

பொருத்தும் சுற்று: ஒரு கணக்கீடு

பொருத்துதல் என்பதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அலைபரப்பி 50 ஓம் மின்னெதிர்ப்பை எதிர்நோக்கி அமைக்கப்படுகிறது. நடுவில் அல்லாமல் ஒருபுறம் தள்ளி ஊட்டப்படும் அரையலைக் கம்பி ஒன்று 200 ஓம் காட்டுகிறது எனக் கொள்வோம். இவ்விரண்டையும் ஒரு மின்தூண்டியும் ஒரு மின்தேக்கியும் கொண்ட ‘எல்’ வடிவச் சுற்றால் இணைக்கலாம். 200 ஐ 50 ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, வர்க்கமூலம் காண 1.73 கிடைக்கிறது. தொடரிணைப்பில் வரும் மின்தூண்டியின் மின்மறுப்பு 50 ஐ 1.73 ஆல் பெருக்க 86.6 ஓம். பக்க இணைப்பில் வரும் மின்தேக்கியின் மின்மறுப்பு 200 ஐ 1.73 ஆல் வகுக்க 115.5 ஓம். 7.1 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இவை முறையே 1.94 மைக்ரோஹென்றி, 194 பிக்கோஃபாரட் ஆகின்றன.

சிவப்பு நிற டி50-2 வளைய உள்ளகத்தில் 20 சுற்றுகள் சுற்றினால் ஏறத்தாழ 1.96 மைக்ரோஹென்றி கிடைக்கும். பழைய வானொலிப் பெட்டியின் கேங் கண்டென்சர் 194 பிக்கோஃபாரட்டைத் தன் எல்லைக்குள் எளிதில் தரும். இவ்வாறு, தேவையான இரு உறுப்புகளில் ஒன்று அயல்நாட்டு உள்ளகம் அல்லது உள்ளூர் வாஷர். மற்றொன்று எடைக்குப் போடப்பட்ட வானொலிப் பெட்டியின் உறுப்பு. கணக்கு உலகப் பொதுவானது, பொருள் உள்ளூரினது.

எனினும், சுருள் தான் சுற்றப்பட்ட மதிப்பையே தரும் என்பதற்கு உறுதி இல்லை. சுற்றுகளின் நெருக்கம், கம்பியின் தடிமன், உள்ளகத்தின் தரம் ஆகியன அதனை மாற்றும். தெரிந்த மதிப்புள்ள மின்தேக்கியுடன் சுருளை இணைத்து, அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் கிரிட்-டிப் மீட்டரால் கண்டு, அதிலிருந்து மின்தூண்டலைக் கணக்கிடுவது நெடுங்கால வழக்கம்.

நிலையலை விகிதம் என்னும் அளவுகோல்

1950களுக்குப் பின் பயில்முறையாளரின் மேசையில் நிலையான இடம் பிடித்தது நிலையலை விகிதமானி. வான்கம்பியின் மின்னெதிர்ப்பு கேபிளின் மின்னெதிர்ப்புடன் ஒத்திருந்தால் விகிதம் 1. விகிதம் 1.5 ஆனால் திறனில் 4 விழுக்காடும், 2 ஆனால் 11 விழுக்காடும், 3 ஆனால் 25 விழுக்காடும் திரும்பி வருகின்றன. ஒற்றை எண்ணில் நிலையத்தின் நலத்தைச் சொல்லிவிடும் எளிமையால் இக்கருவி பரவலாயிற்று.

ஆனால், அந்த எண் எளிதில் திசைதிருப்பக் கூடியது. வான்கம்பியில் விகிதம் 3 ஆகவும், கேபிள் ஒரு வழிக்கு 3 டெசிபெல் இழப்புடையதாகவும் இருப்பின், அறையில் உள்ள கருவி ஏறத்தாழ 1.7 என்றே காட்டும். கேபிள் பாதித் திறனை விழுங்கியதால் குறைந்த அளவு அது. வான்கம்பி சீரானதன் விளைவு அன்று. நிலத்தில் நிறுத்தப்படும் கால் அலைநீளக் கம்பியில் இம்மயக்கம் இன்னும் தெளிவாகும். முழுமையான கடத்துநிலத்தின் மீது அதன் கதிர்வீச்சு மின்தடை ஏறத்தாழ 36 ஓம். மண்ணின் இழப்பு 14 ஓம் சேர்ந்தால் மொத்தம் 50 ஓம். விகிதமானி குறையற்ற 1 என்று காட்டும். உண்மையில் திறனில் 28 விழுக்காடு மண்ணைச் சூடாக்குகிறது. நிலத்தில் ஆரக்கம்பிகளை மிகுதியாகப் பதித்து இழப்பை நீக்கினால் மின்தடை 36 ஓமை நெருங்கும், விகிதம் 1.4 ஆக உயரும். அளவு மோசமாகும்போது வான்கம்பி மேம்படுகிறது.

ஆரக்கம்பிகளின் எண்ணிக்கைக்கும் வான்கம்பியின் திறப்பாட்டிற்கும் உள்ள தொடர்பை 1937 இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பிரௌன், ராபர்ட் லூயிஸ், ஜெஸ் எப்ஸ்டைன் ஆகியோர் களத்தில் அளந்து நிறுவினர். பழைய அளவேட்டில் ‘விகிதம் 1.0’ என்னும் குறிப்பைக் காணும் வரலாற்றாய்வாளர், அதனை வெற்றியின் சான்றாக உடனே கொள்ளாமல், கேபிளின் நீளத்தையும் நிலத்தின் இயல்பையும் உடன் தேட வேண்டும் என்பது இதனால் புலனாகிறது.

காகிதத்திலிருந்து கணினிக்கு

அளவை விளக்கும் கருத்தியல் கருவிகளும் இணையாக வளர்ந்தன. மின்னெதிர்ப்பை வட்ட வரைபடத்தில் குறிக்கும் முறையை ஜப்பானில் மிசுஹாஷி தோசாகு 1937 இலும், அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்மித் 1939 இலும் வெளியிட்டனர். ஸ்மித்தின் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. கணிப்பொறி எட்டாக் காலத்தில் கவராயமும் அளவுகோலும் கொண்டு பொருத்தும் சுற்றைத் தீர்க்க அது உதவியது.

கம்பியில் மின்னோட்டம் எவ்வாறு பரவியுள்ளது என்பதற்கான தொகையீட்டுச் சமன்பாட்டை 1897 இல் பாக்லிங்டன் அளித்தார். நிலத்தின் மேலுள்ள வான்கம்பியின் சிக்கலை 1909 இல் ஆர்னால்ட் சொமர்ஃபெல்ட் ஆராய்ந்தார். கம்பியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து இச்சமன்பாடுகளை எண்முறையில் தீர்க்கும் வழி 1960களில் முறைப்படுத்தப்பட்டது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 1981 இல் உருவான என்.இ.சி.-2 நிரலும், 1982 இல் சிறு கணிப்பொறிகளுக்கென வந்த மினிநெக் நிரலும் அவ்வழியைப் பயில்முறையாளரின் வீட்டிற்குக் கொண்டுவந்தன. என்.இ.சி.-யை அடிப்படையாகக் கொண்ட ஈசிநெக் நிரல் 2022 முதல் விலையின்றிக் கிடைக்கிறது.

அளவீட்டிலும் இதற்கு நிகரான திருப்பம் ஏற்பட்டது. ஜப்பானியப் பயில்முறையாளர் ஒருவரின் வடிவமைப்பில் பிறந்த ‘நானோ வி.என்.ஏ.’ என்னும் கையடக்கக் கருவி 2019 முதல் பெருமளவில் சந்தைக்கு வந்தது. ஆய்வகங்களில் மட்டும் இருந்த வகைக் கருவி, 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை, மின்தடையையும் மின்மறுப்பையும் தனித்தனியே காட்டும் வசதியுடன் மாணவரின் சட்டைப்பைக்குள் வந்தது. ஒற்றை விகிதத்திற்கு மாற்றாக, அவ்விகிதத்தின் காரணத்தையே அளக்க முடிந்தது. நிரலும் கருவியும் எளிதான நிலையில் எஞ்சி நிற்கும் அறியாக்கணியம் ஒன்றே: நிலம்.

தருமபுரி நிலம்: கணக்கில் ஓர் உறுப்பு

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2004 இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. சித்தேரி, வத்தல்மலை முதலிய குன்றுகளும் தொப்பூர்க் கணவாயும் சூழ்ந்த இந்நிலப்பகுதி, கடினமான படிகப் பாறையின் மேல் செம்மண் படர்ந்த நிலம். நடுகற்களுக்குப் பெயர்பெற்ற இம்மண்ணில் கல் எங்கும் கைக்கெட்டும் ஆழத்தில் உண்டு. வான்கம்பியை மாதிரியாக்கும் நிரலில் நிலத்தைக் குறிக்க இரு எண்கள் வேண்டும்: கடத்துதிறன், ஒப்பு விடுதிறன். கையேடுகளில் ‘சராசரி நிலம்’ எனக் குறிக்கப்படுவது மீட்டருக்கு 0.005 சீமென்ஸ், 13 என்னும் இணை. வறண்ட பாறைநிலத்திற்கு 0.001 சீமென்ஸ், 5 என்னும் இணை கொள்ளப்படுகிறது. நிரலைத் திறப்பவர் பெரும்பாலும் முதல் இணையை மாற்றாமல் விட்டுவிடுவர். அந்தச் சராசரி, நிலத்தை அறியாதவருக்குத் தரப்படும் தொடக்க மதிப்பே. பாறைநிலத்தை அது சுட்டாது.

7.1 மெகாஹெர்ட்ஸில் இவ்விரு இணைகளின் விளைவைக் கணக்கிடலாம். அலை நிலத்திற்குள் தன் வலிமையில் ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறையும் ஆழம், சராசரி நிலத்தில் ஏறத்தாழ 4 மீட்டர்; பாறைநிலத்தில் ஏறத்தாழ 12 மீட்டர். முதலாவதில் அலை மேல்மண்ணோடு பெருமளவு நின்றுவிடுகிறது. இரண்டாவதில் அது செம்மண்ணைக் கடந்து சிதைந்த பாறையையும் திறந்த கிணற்றின் நீர்மட்டம் ஏறி இறங்கும் ஆழத்தையும் தொடுகிறது. எனவே இங்குக் கோடையில் எடுத்த அளவும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்த அளவும் ஒரே நிலத்தின் அளவுகள் எனக் கொள்ளத்தக்கன அல்ல.

அடுத்து எதிரொளிப்பு. செங்குத்தாகக் கீழ்நோக்கிச் செல்லும் அலையின் வீச்சில் சராசரி நிலம் ஏறத்தாழ 65 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். பாறைநிலம் ஏறத்தாழ 42 விழுக்காட்டை மட்டுமே. 7.1 மெகாஹெர்ட்ஸுக்குரிய அரையலைக் கம்பி 20 மீட்டர் நீளமுடையது. அதனைக் கிடைமட்டமாக 10 மீட்டர் உயரத்தில், அதாவது கால் அலைநீளத்திற்குச் சற்றுக் குறைவாகக் கட்டினால், நேரலையும் நிலத்தால் திருப்பப்பட்ட அலையும் மேல்நோக்கி ஒன்றுசேரும். கம்பியில் மின்னோட்டம் சமம் எனக் கொண்டால், பாறைநிலத்தில் மேல்நோக்கிச் செல்லும் திறன் சராசரி நிலத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறையும். இது 1.3 டெசிபெல், காதால் உணர்வது கடினம். கிடைமட்டக் கம்பி பாறைநிலத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்பது இதன் பொருள். நிலத்தில் ஊன்றும் செங்குத்துக் கம்பிக்கு அப்பொறுதி இல்லை. பாறையில் ஆரக்கம்பி பதிப்பதும் எளிதன்று.

மேல்நோக்கிய கதிர்வீச்சு இம்மாவட்டத்திற்கு ஏன் வேண்டும் என்னும் வினா எழலாம். தருமபுரியிலிருந்து சென்னையும் மதுரையும் நேர்கோட்டில் தலா ஏறத்தாழ 250 கிலோமீட்டர். குன்றுகளும் தொலைவும் நேர்வழி அலையைத் தடுக்கும். அயனி மண்டலத்தில் 300 கிலோமீட்டர் உயரத்தில் எதிரொளித்துத் திரும்பும் அலை இவ்வூர்களை அடைய, அது ஏறத்தாழ 67 பாகைக் கோணத்தில் மேலெழ வேண்டும். தாழக் கட்டிய கிடைமட்டக் கம்பி இக்கோணத்தில்தான் மிகுதியாக வீசும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் தலைமையில் இருந்த பயில்முறையாளர் குழு, பிற தொடர்புகள் அறுந்த நிலையில் செய்திகளைக் கடத்தியது. அத்தகைய நாளில் ஒரு மாவட்டத்தின் வான்கம்பி எங்கே வீசுகிறது என்பதை முன்பே அளந்து வைத்திருப்பது ஆர்வத்தின்பாற்பட்டது மட்டுமன்று. பொதுப் பயன் உடையது.

நிலத்தின் கடத்துதிறனை அறிய இம்மாவட்டத்தில் ஒரு வாய்ப்பு இயல்பாகவே உண்டு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் முன் நான்கு முனைகளை மண்ணில் ஊன்றி மின்தடை எண்ணை அளக்கும் முறை நிலத்தடி நீர் ஆய்வில் நெடுநாளாகக் கையாளப்படுகிறது. மீட்டருக்கு 0.001 சீமென்ஸ் என்பது 1000 ஓம்-மீட்டர், 0.005 என்பது 200 ஓம்-மீட்டர். நீர் தேடியவர் எழுதிய எண்ணை வானொலியாளர் தலைகீழாக்கிப் பயன்கொள்ளலாம். ஆயின், அந்த அளவு நேர்மின்னோட்டத்தில் அல்லது மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் எடுக்கப்படுவது. 7.1 மெகாஹெர்ட்ஸில் பாறைநிலத்தின் விடுதிறனும் கடத்துதிறனுக்கு இணையாக, அதனினும் மிகுதியாகச் செயற்படுவதால், அதனைத் தொடக்க மதிப்பாக மட்டுமே கொள்ளல் தகும். எஞ்சியதை வான்கம்பியே சொல்ல வேண்டும்: அளந்த மின்தடையும் கணித்த மின்தடையும் ஒத்துவரும் வரை நிலத்தின் எண்களை மாற்றிச் சென்றால், வான்கம்பி நிலத்தை அளக்கும் கருவியாகவும் மாறுகிறது.

ஓர் ஒப்பீடு: முத்தோரைச் சரிவு

நிலத்தை வான்கம்பியின் உறுப்பாகக் கொண்ட சிந்தனைக்குத் தமிழகத்திலேயே பெருஞ்சான்று உண்டு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970 இல் செயல்படத் தொடங்கிய உதகை வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. முத்தோரையில் அவ்விடத்து அகலாங்கிற்குச் சமமாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவு தேர்ந்தெடுக்கப்பட்டு, தொலைநோக்கி வடக்குத் தெற்காக அச்சரிவில் நிறுத்தப்பட்டது. இதனால் அதன் நீண்ட அச்சு புவியின் சுழலச்சிற்கு இணையாயிற்று. ஒரே அச்சில் சுழற்றி விண்பொருளைப் பல மணிநேரம் தொடர முடிந்தது. அங்கு நிலத்தின் வடிவம் பயன்பட்டது. தருமபுரியில் நிலத்தின் மின்பண்பு வினவப்படுகிறது. அளவிலும் நோக்கிலும் இரண்டும் வேறாயினும், இடத்தை அளந்த பின்னரே கருவி என்னும் நெறி இரண்டிற்கும் பொது. முத்தோரையின் அளவீடுகள் நிறுவனத்தின் வெளியீடுகளில் காக்கப்படுகின்றன. தனி வானொலியாளரின் அளவீடுகளுக்கு அத்தகைய காப்பிடம் இல்லை.

அளவேடு என்னும் ஆவணம்

மேற்கண்டவற்றிலிருந்து அளவேட்டை வாசிக்கும் முறை ஒன்றை வகுக்கலாம். முதலாவதாக, எந்தக் கருவியால் அளக்கப்பட்டது என்பதைக் கொண்டு குறிப்பின் காலத்தை மதிப்பிடலாம். அம்மீட்டர் அளவு, விகித அளவு, மின்தடையும் மின்மறுப்பும் இணைந்த அளவு ஆகியவை வெவ்வேறு தலைமுறைக்குரியவை. இரண்டாவதாக, உறுப்பின் பெயர் அன்றைய அங்காடியைக் காட்டும். கேங் கண்டென்சர், வாஷர், வளைய உள்ளகம் ஆகிய சொற்களின் வரவு இறக்குமதிக் கொள்கையின் மாற்றத்தைச் சட்ட நூலினும் நுட்பமாக உணர்த்தும். மூன்றாவதாக, நாளும் பருவமும் சேர்ந்த மின்தடைக் குறிப்பு அவ்விடத்து மண்ணின் ஈரத்தைப் பற்றிய மறைமுகச் சான்று.

இத்தகைய ஏடுகள் உரியவரின் மறைவுக்குப் பின் பழைய காகிதமாக எடைக்குச் செல்லும் நிலையில் உள்ளன. கருவியைப் பிள்ளைகள் விற்கலாம். ஏட்டிற்கு விலை இல்லை. அச்சுப் பண்பாட்டின் சிறு வெளியீடுகளைக் காத்துவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் இவற்றைத் தொகுப்பில் சேர்க்கலாம். தொகுக்கும்போது, தொடர்பு கொண்ட தனியாட்களின் பெயரும் முகவரியும் அடங்கிய பக்கங்களைப் பொதுப் பார்வையினின்று விலக்கி, அளவீட்டுப் பக்கங்களை மட்டும் எண்ணிமப்படுத்துதல் அறமாகும். இனி எழுதப்படும் குறிப்புகளில் கம்பியின் நீளம், உயரம், உறையின் வகை, கேபிளின் நீளம், கருவியின் பெயர், மழை பெய்த நாள், அருகிலுள்ள கிணற்றின் நீர்மட்டம் ஆகியன இடம்பெறின், அவை வானொலிக்கும் நிலவியலுக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்படும்.

முடிவுரை

1924 இன் வெப்பக்கம்பி அம்மீட்டர் முதல் இன்றைய கையடக்கப் பகுப்பான் வரை கருவிகள் மாறியுள்ளன. வான்கம்பி அது நிற்கும் இடத்தில் அளக்கப்பட வேண்டும் என்னும் தேவை மாறவில்லை. தட்டுப்பாட்டுக் காலம் உறுப்பை உள்ளூரில் தேடச் செய்தது. உரிம விதி பதிவேட்டைக் கட்டாயமாக்கியும் அளவீட்டை அதற்கு வெளியே நிறுத்தியது. கணினி நிரல் நிலத்தின் எண்ணைக் கேட்டு, அதற்கான விடையைப் பயன்படுத்துவோரிடமே விட்டது. தருமபுரியின் பாறைநிலத்தைக் கணக்கில் கொள்ளும்போது, அலை 12 மீட்டர் ஆழம் வரை செல்வதும், எதிரொளிப்பு 42 விழுக்காடாகக் குறைவதும், குறையற்ற விகிதமே இழப்பின் அறிகுறியாகக் கூடும் என்பதும் தெளிவாகின்றன. இவ்வறிவு எந்த அயல்நாட்டுக் கையேட்டிலும் ஆயத்தமாக இல்லை; இவ்விடத்தில் அளந்தவரின் ஏட்டில் மட்டுமே இருக்கக் கூடியது. அவ்வேடுகளைச் சான்றுகளாக ஏற்கும்போது, தமிழகத்துத் தொழில்நுட்ப வரலாறு கருவிகள் வந்து இறங்கிய துறைமுகத்தோடு நில்லாமல் அவை பொருத்தப்பட்ட மண்வரை வந்து சேரும்.